ஐயாயிரம் ரூபாயில் குழந்தைக்கு ஒரு காவிரி அறை: டெல்டா வீடுகளுக்கான முழு வழிகாட்டி

குழந்தையின் அறையை அலங்கரிக்கத் தொடங்கும் முன், அதன் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு சுற்றுப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதன் கண்ணுக்கு நேராக இருப்பவை கட்டில் விளிம்பு, பீரோவின் கீழ்க் கதவு, சுவரின் அடிப்பகுதி, தரை. நாமோ கூரையில் ஒட்டும் நட்சத்திரம், ஆறடி உயரத்தில் மாட்டும் படம், அலமாரி உச்சியில் அடுக்கும் பொம்மை என்று பெரியவர்கள் நின்று ரசிக்கும் உயரத்தில் காசைக் கொட்டுகிறோம். செலவைத் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் நிறுத்துங்கள். செலவும் பாதியாகக் குறையும், குழந்தைக்கும் தொட்டு விளையாட ஓர் அறை கிடைக்கும். இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே சொல்லப்படுகின்றன.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பத்துக்குப் பத்து அடி அறை. வேலை ஆள் வைக்காமல் வீட்டில் உள்ளவர்களே செய்வதாகக் கணக்கு. தனி அறையே இல்லாமல் அப்பாயியோடு கூடத்தில் படுக்கும் குழந்தைகள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் தனி வழி கடைசியில் இருக்கிறது.

கருப்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கிடைக்கும் கார்ட்டூன் ஸ்டிக்கரை வாங்கி ஒட்டினால் வேலை சுலபமாக முடியும். ஆனால் அந்த மோகம் குழந்தைக்குச் சில மாதங்கள்தான். பிறகு வேறொரு கதாபாத்திரம் பிடித்துவிடும், சுவரில் பழையதன் பசைக்கறை மட்டும் நிற்கும். குழந்தை தினமும் வெளியே பார்க்கிற, கேள்வி கேட்கிற ஒன்றை உள்ளே கொண்டுவருவது நல்லது. மயிலாடுதுறை சந்திப்பின் பக்கத்தில் வீடு என்றால் ரயில். வடுவூர் ஏரிக்கு அருகில் என்றால் பறவைகள். நாகப்பட்டினம் கடலோரம் என்றால் படகும் வலையும். எதுவும் தோன்றவில்லையென்றால் ஒரு வாரம் குழந்தை கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள், விடை அதிலேயே இருக்கும்.

டெல்டாக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவாகப் பொருந்துகிற ஒன்றைச் சொல் என்றால் நான் ஆற்றைத்தான் சொல்வேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பாலத்தைக் கடக்காமல் போக முடியாத நிலம் இது. "இது எந்த ஆறு?" என்று பஸ் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கேட்காத குழந்தை இல்லை. அந்தக் கேள்விக்கு அறையே பதில் சொல்லும்படி செய்யலாம். அறையை டெல்டாவின் வரைபடமாக மாற்றுவதுதான் திட்டம்: மேற்குச் சுவரில் கல்லணை, கிழக்குச் சுவரில் கடல், வடக்கில் கொள்ளிடம், தெற்கில் வெண்ணாறும் புது ஆறும், நடுத் தரையில் காவிரி. வீட்டின் திசைகளும் நிலத்தின் திசைகளும் ஒத்துப்போவதால், ஐந்து வயதுக்குள் குழந்தைக்குக் கிழக்கு மேற்கு தானாகவே பிடிபட்டுவிடும்.

சுவரைச் சோதித்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். நம் பகுதியின் களிமண்ணும் மேலாக நிற்கும் நிலத்தடி நீரும் சேர்ந்து சுவரின் அடியில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏற்றும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பொடிப் பொடியாக உதிரும். குழந்தையின் கண் உயரமும் ஓதம் ஏறும் உயரமும் ஒன்றே என்பதால், சுவரின் குணம் தெரியாமல் அங்கே எதைப் பூசினாலும் பணம் வீண்.

சோதனை எளிது. ஓரடி சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தாலோ, சுவர் கருத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. நான்கு சுவரிலும் தனித்தனியாகப் பாருங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் ஒரு மாதிரி இருக்கும், வெயில் விழும் சுவர் வேறு மாதிரி இருக்கும்.

சுவர் காய்ந்திருந்தால் எமல்ஷன் என்கிற நீரில் கரையும் பெயின்ட் பூசலாம். துடைத்தால் அழுக்குப் போகும், குழந்தை அறைக்கு அதுவே வசதி. ஓதம் இருந்தால் எமல்ஷன், பட்டி, வால்பேப்பர் மூன்றும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். அங்கே சுண்ணாம்புதான் சரி. அது ஈரத்தை வெளியே விடும், விலையும் குறைவு. வருடம் ஒரு முறை திரும்பப் பூச வேண்டியிருக்கும் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். வருடா வருடம் ஆற்றைப் புதிதாக வரையும் உரிமை குழந்தைக்குக் கிடைக்கிறது.

எந்த மாதத்தில் செய்வது? ஐப்பசியும் கார்த்திகையும் கூடவே கூடாது, வடகிழக்குப் பருவமழையில் எந்தச் சுவரும் காயாது. மார்கழியில் ஊரே பொங்கலுக்கு வெள்ளையடிக்கும், பனியும் இருக்கும். மாசியும் பங்குனியும்தான் ஏற்ற காலம். சுவர் வற்றியிருக்கும், ஜன்னலைத் திறந்துபோட்டு வேலை செய்யலாம்.

பழைய பூச்சை நீக்குதல்

பழைய வீட்டின் கதவு, ஜன்னல் கம்பிகளில் ஏழெட்டு அடுக்கு எனாமல் இருக்கும். அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வழியும் கசடை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அந்த இரண்டு நாளும் குழந்தை அந்த அறைப் பக்கம் வர வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே. புதிதாக வாங்கும் டப்பாவில் ஈயம் சேர்க்கவில்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீரில் கரையும் வகையையே கேளுங்கள்.

அடிப்பூச்சு

பத்துக்குப் பத்து அறையின் சுற்றளவு 40 அடி. மூன்றரை அடி உயரத்துக்கு 140 சதுர அடி. கதவையும் பீரோ மறைக்கும் இடத்தையும் கழித்தால் 120 வரும். சாதாரண உள்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு பூச்சுக்கு 50 முதல் 70 சதுர அடி வரை ஓடும். ஆகவே அடிப்பூச்சுக்கு இரண்டு லிட்டர் போதும். கடையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டப்பா வாங்கினால் கணக்கு எகிறிவிடும். நான்கு லிட்டர் வெள்ளை ஒன்று, நீலம், பச்சை, மஞ்சள், காவிச் சிவப்பு, கறுப்பு என்று நிறம் கலப்பதற்கான ஐந்து சிறிய ஸ்டெயினர் பாட்டில்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைக் கலந்தே அறைக்கு வேண்டிய எல்லா நிறங்களையும் எடுத்துவிடலாம். ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள், பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். அதிகமானால் பூச்சு சரியாகக் காயாமல் கையில் ஒட்டும்.

அடி நிறம் இளம் மணல் நிறம். வெள்ளையில் மஞ்சளும் துளி காவியும். மூன்றரை அடியில் ரசமட்டம் வைத்துப் பென்சில் கோடு போட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசுங்கள். கோட்டுக்கு மேலே இருக்கிற பழைய வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள், அதுதான் வானம்.

சுண்ணாம்புச் சுவர் என்றால் முறை வேறு. சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது கொதிக்கும், தெறித்தால் கண்ணைக் கெடுக்கும். இதைப் பெரியவர்கள் மட்டும், திறந்த இடத்தில், கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். ஒரு நாள் ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாமல் இருக்கச் சிறிது பசை சேர்த்து, சுவரை லேசாக நனைத்துவிட்டு மூன்று தடவை மெல்லியதாகப் பூசுங்கள். ஈரமாக இருக்கும்போது சுவரே தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் பொருக்குத் தட்டும். சுண்ணாம்போடு சேர்க்கக் காவிப் பொடியும், துணிக்குப் போடும் நீலமும் ஏற்றவை. சுண்ணாம்பின் காரத்துக்கு அவை நிறம் மாறாது. ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, முழுதும் சுரண்டிய பிறகே பூச வேண்டும். பூசியபின் ஒரு வாரம் குழந்தை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றை வரைதல்

மேற்குச் சுவரில் தொடங்குங்கள். சுவரின் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கல்லணை. உலர்ந்த ஸ்பாஞ்சை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, சாம்பல் நிறத்தில் தொட்டு ஒற்றினால் கல் கல்லாக வரும். கரிகாலன் கட்டிய அணை ஒழுங்கற்ற கற்களால் ஆனது, ஆகவே ஒற்றும் கை கோணினாலும் பொருந்திவிடும். பக்கத்தில் ஒரு யானை வரைய இடம் விடுங்கள். கல்லணைக்குப் போய்வந்த குழந்தைக்கு யானை மேல் அமர்ந்திருக்கும் கரிகாலன் சிலைதான் முதலில் நினைவுக்கு வரும்.

கல்லணையிலிருந்து நான்கு ஆறுகள் பிரிகின்றன. மேற்குச் சுவரைப் பார்த்து நின்றால் வலக்கை வடக்கு. வலப்பக்கம் திரும்பி வடக்குச் சுவர் முழுதும் ஓடுவது கொள்ளிடம். அதைப் பட்டையாக, ஒரு முழ அகலத்துக்கு வரையுங்கள். ஆனால் முழுதும் நீலம் பூச வேண்டாம். கொள்ளிடம் வெள்ளத்தை வடிப்பதற்கான ஆறு. பெரும்பாலான நாளில் மணல்தான் தெரியும், நடுவே மெல்லிய நீர்க்கோடு. இந்த வேறுபாட்டைக் காட்டினால்தான் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு முகம் வரும். இடப்பக்கம் திரும்பித் தெற்குச் சுவரில் ஓடுவன வெண்ணாறும், கல்லணைக் கால்வாய் என்கிற புது ஆறும். புது ஆறு 1934-இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாய் என்பதால் அதன் கரைகளை அளவுகோல் வைத்து நேராகப் போடுங்கள். வெண்ணாறு இயற்கையானது, அதை வளைந்து நெளிய விடுங்கள். தெற்குச் சுவரின் தொடக்கத்தில் புது ஆற்றங்கரையில் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் வரலாம். சுவரின் கீழ் ஓரத்தில் கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மரங்களின் வேர்களைக் குழந்தையே குச்சி குச்சியாகப் போட்டுவிடும், அதற்குப் பெரியவர் துணை தேவைப்படாது.

கிழக்குச் சுவர் கடல். கிழக்கைப் பார்த்து நின்றால் இடக்கை வடக்கு. எனவே இடமிருந்து வலமாகக் கொள்ளிடம் முகத்துவாரம், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வலது மூலையில் கோடியக்கரை. எல்லாவற்றையும் வரைய முற்படாதீர்கள். பூம்புகாருக்கு ஒரு கப்பல், தரங்கம்பாடிக்கு 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டை, கோடியக்கரைக்கு ஒரு வெளிமானும் நான்கு பூநாரைகளும் போதும். சுவர் நிறைந்துவிட்டால் குழந்தை பிறகு சேர்ப்பதற்கு இடம் இருக்காது.

உங்கள் ஊர் எங்கே வருகிறதோ அங்கே சிவப்பு ஓட்டு வீடு ஒன்று. தாத்தா ஊர், மாமா ஊர் இவற்றுக்கும் ஒவ்வொரு வீடு. பிற்பாடு எல்லாப் பயணங்களும் இந்தச் சுவரிலிருந்துதான் தொடங்கும்.

ஆற்றின் நிறம் பற்றி ஒரு வார்த்தை. படப் புத்தகங்களில் ஆறு நீலமாக இருக்கும். புதுத் தண்ணீர் வரும்போது நம் ஆறு நுங்கும் நுரையுமாகச் செம்மண் நிறத்தில்தான் வரும். நீலத்தில் துளி காவி சேர்த்துப் பாருங்கள், கலங்கிய நீரின் நிறம் அப்படியே கிடைக்கும்.

விரலால் வயல் வைத்தல்

ஆறுகளுக்கு நடுவே இருக்கும் இடமெல்லாம் வயல். இது முழுக்கக் குழந்தையின் வேலை. இளம்பச்சையை ஒரு தட்டில் மெல்லியதாக ஊற்றுங்கள். குழந்தையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, தட்டின் விளிம்பில் ஒரு முறை ஒற்றி, அதிகப் பெயின்ட்டை எடுத்துவிடுங்கள். பிறகு சுவரில் வைத்து, லேசாக மேல்நோக்கி இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் ஒரு நாற்று வந்து நிற்கும். பக்கத்தில் இன்னொன்று. நான்கு விரற்கடை விட்டு அடுத்த வரிசை. வரிசை பின்னோக்கிப் போகப் போக நடவு நட்டதைப் போலவே இருக்கும். மறுநாள் மஞ்சள் நிறத்தில் சுண்டுவிரல் ரேகை பதியும்படி குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்தால் கதிர் முற்றிவிடும். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள் என்று விட்டால் நடவும் அறுவடையும் ஒரே சுவரில் இருக்கும்.

விரலை வாயில் வைக்கும் வயது என்றால் இதை நீங்களே செய்யுங்கள், குழந்தை பார்க்கட்டும். மற்றவர்கள் முடித்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

காய்கறி அச்சும் நல்ல பலன் தரும். குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் பூவாக வரும், ஆகாயத் தாமரைக்கும் அல்லிக்கும் சரி. வாழைப்பட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இருக்கும் கண்ணறைகள் வலை போலப் பதியும். நாகப்பட்டினம் படகுக்குப் பக்கத்தில் மீன் வலையாக அதை ஒற்றலாம். அச்சு வைக்கும் முன் வெட்டிய பரப்பைத் துணியில் துடைத்து ஈரம் எடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வழியும்.

தேராகும் பொம்மைப் பெட்டி

குழந்தை அறையில் பொம்மைகளை எடுத்துவைப்பதுதான் தினசரிச் சண்டை. அதற்கு நம் ஊரிலேயே தீர்வு இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்பார்கள். ஆடிப்பெருக்குக்குச் சின்னச் சப்பரம் இழுத்துப் பழகிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். பொம்மைப் பெட்டியைத் தேராகச் செய்துவிடுங்கள்.

பழக்கடையில் காலியாகும் மரப்பெட்டி ஒன்று வாங்குங்கள். துருத்திய ஆணிகளைப் பிடுங்கி, ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, அடியில் இரண்டு அங்குலச் சக்கரங்கள் நான்கை ஆணியால் அடிக்காமல் திருகாணியால் பொருத்துங்கள். பழைய பட்டுப் புடவையின் கரையைப் பட்டையாக வெட்டிச் சுற்றிலும் தைத்தால் தேர்ச்சீலை. மீதித் துணியை உருளையாகத் தைத்துப் பஞ்சு அடைத்து நான்கு மூலையிலும் தொங்கவிட்டால் தொம்பை. உயரமாகக் கோபுரம் கட்ட ஆசை வரும், வேண்டாம். பெட்டியின் அகலத்தைவிட உயரம் கூடினால் திருப்பும்போது கவிழும்.

தேரின் சுவாரஸ்யம் முட்டுக்கட்டையில் இருக்கிறது. பெரிய தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பதைக் குழந்தை திருவிழாவில் பார்த்திருக்கும். தச்சரிடம் கேட்டால் ஆப்பு வடிவில் இரண்டு துண்டு மரம் தருவார். டைல்ஸ் தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்போது, குழந்தை ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்து நிறுத்தும். விளையாட்டாகச் செய்யும் அந்த வேலை உண்மையிலேயே பெட்டியை நிறுத்துகிறது, அதில்தான் அதற்குப் பெருமை. இரவு படுக்கும் முன் தேர் அறையைச் சுற்றி வர வேண்டும், வழியில் கிடக்கும் பொம்மைகள் எல்லாம் ஏற வேண்டும், தெற்குச் சுவரோரம் திருவாரூர் வரும் இடத்தில் தேர் நிலைக்கு வர வேண்டும். "பொம்மையை எடுத்து வை" என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, "தேர் இன்னும் நிலைக்கு வரவில்லையே தம்பி" என்றால் போதும்.

வடம் ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம், சுருக்கு முடிச்சும் போடாதீர்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முனையில் ஒரு மரக்குமிழ் வைத்துப் பிடிக்கக் கொடுங்கள்.

படுக்கை

கட்டில் கடைகளில் கப்பல் வடிவக் கட்டிலைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இருக்கிற கட்டிலையோ தரைப் படுக்கையையோ கிழக்குச் சுவரோரம் போட்டு, தலைமாடு கிழக்கே வரும்படி வையுங்கள். பூம்புகார்க் கப்பல் அதுதான். தச்சுப் பட்டறையில் மீந்த பிளைவுட் துண்டில் கப்பலின் முகப்பை வெட்டிக் கால்மாட்டில் திருகிவிடலாம். அட்டைப்பெட்டியில் செய்தால் இலவசம்தான், ஆனால் நம் தரையில் அட்டை இருந்தால் கரையான் தேடி வரும். கொசுவலை எப்படியும் வேண்டும். நீல நூலில் இரண்டு பட்டை தைத்துவிட்டால் அதுவே கப்பலின் பாய். தரைப் படுக்கைக்கு அடியில் கோரைப்பாய் போடுங்கள். முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய் மலிவும் உறுதியும் கூட. இலவம் பஞ்சு மெத்தையை வாரம் ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், பாயையும் தூக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தவறவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

விரிப்புக்குப் பழைய நூல் சேலையை விஞ்ச எதுவும் இல்லை.

விளக்கு

கோடியக்கரை மூலையில் கலங்கரை விளக்கம். காலியான பிளாஸ்டிக் ஜாடியைக் கழுவி, கறுப்பு வெள்ளைப் பட்டை பூசி, மேல் பகுதியைப் பூசாமல் விட்டு, உள்ளே அரை வாட் எல்இடி விளக்கு. பழைய குமிழ் பல்பு வேண்டாம், சூட்டில் ஜாடி இளகும். அருகில் பிளக் இல்லையென்றால் சார்ஜ் ஏற்றும் சிறு விளக்கு வையுங்கள், மின்வெட்டுக்கும் உதவும். சீரியல் செட்டைப் படுக்கைப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

மூன்றரை அடிக்கு மேலே வைக்க நான் அனுமதிப்பது ஒன்றே ஒன்று: பூநாரைகளுக்கு மேலே தொங்கும் சில நெட்டிப் பறவைகள். நீரில் வளரும் நெட்டிச் செடியின் தண்டில் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலை எடையே இல்லாதது, காற்றில் மெல்ல ஆடும். படுக்கைக்கு நேர் மேலேயும், மின்விசிறிக்கு அருகிலும் கட்டாதீர்கள். தலையாட்டி பொம்மை வாங்கினால் எட்டும் உயரத்தில் வையுங்கள், தள்ளிவிட்டு அது எழுவதைப் பார்ப்பதற்காகத்தானே அது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பெரியவர் கூட இருக்கும்போது மட்டும் கொடுங்கள், உடைந்தால் துண்டு வாய்க்குப் போகும்.

தரையில் காவிரி

நான்கு ஆற்றில் காவிரிக்கு மட்டும் இன்னும் இடம் கொடுக்கவில்லை. அது தரையில், மேற்கிலிருந்து கிழக்காக, கல்லணையிலிருந்து படுக்கைக் கப்பல் வரை ஓடும். நீலம் அல்லது பழுப்பு நிற நூல் சேலை ஒன்றை நீளவாக்கில் மடித்துத் தைத்தால் ஓரடி அகலத்தில் நல்ல ஆறு. அரசலாறும் குடமுருட்டியும் கிளையாக வேண்டுமென்றால் ரவிக்கைத் துணித் துண்டுகள். சேலை டைல்ஸில் வழுக்கும், ஆகவே அடியில் பழைய ரப்பர் மேட்டைப் பட்டை பட்டையாக வெட்டிக் கட்டாயம் தைக்க வேண்டும்.

மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. அந்த நாட்களில் அறையிலும் ஆற்றை விரிக்கவும் சுருட்டவும் செய்யலாம். சேலை சுருட்டிக் கிடக்கும் கோடை மாதங்களில் அதே தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு ஆடட்டும், வறண்ட ஆற்றில் பிள்ளைகள் விளையாடுவது ஊர் வழக்கம்தானே. அணை தாமதமாகத் திறக்கும் ஆண்டில் குழந்தை ஏன் என்று கேட்கும். வயதுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு

பீரோவையும் உயரமான அலமாரியையும் எல் வடிவக் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிணையுங்கள். சுவரில் ஆறு வரைந்திருப்பதால் குழந்தை அலமாரிக் கதவைப் பிடித்து ஏறப் பார்க்கும். கீழ்மட்டப் பிளக்குகளுக்கு மூடி. ஜன்னலுக்குக் கீழே ஏறுவதற்குத் தோதாக எந்தப் பெட்டியும் கூடாது. திரைச்சீலைக் கயிறு குழந்தைக்கு எட்டக் கூடாது.

பணம்

கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் பிரிக்கும் விதம் இதுதான்: சுவருக்கு 2,000. துணி, கொசுவலை, பாய்க்கு 1,200. தேர்ப் பெட்டி, சக்கரம், பிளைவுட்டுக்கு 1,000. விளக்குக்கு 300. மீதி 500 கையிருப்பு, நெட்டிப் பறவையோ தலையாட்டி பொம்மையோ அதிலிருந்து. சுண்ணாம்புச் சுவர் என்றால் முதல் தொகையில் பாதிக்கு மேல் மிஞ்சும், அதைப் படுக்கைக்குக் கொடுங்கள். ஓதம் கடுமையாக இருந்து சுவரில் கை வைத்தாலே காரை உதிருகிறது என்றால், அலங்காரத்தை ஒரு வருடம் தள்ளிவைத்து அந்தப் பணத்தைக் கொத்தனாருக்குக் கொடுப்பதே அறிவு.

வாடகை வீடும் பொதுக் கூடமும்

வீட்டுக்காரர் சுவரில் கை வைக்க விடாவிட்டால் வேட்டி இருக்கிறது. எட்டு முழ வேட்டி ஏறக்குறைய பன்னிரண்டு அடி நீளம், நான்கடி அகலம். ஒரு சுவரின் அடிப்பகுதிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். நான்கு வேட்டி, நான்கு சுவர். கூடத்தின் மூலையில் படுக்கும் குழந்தைக்கு இரண்டு வேட்டியே போதும்: ஒன்றில் கல்லணை, ஒன்றில் கடல். மேல் ஓரத்தை மடித்துத் தைத்துத் திரைச்சீலைக் கம்பியில் கோத்து மாட்டுங்கள். கீழ் ஓரம் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலேயே நிற்கட்டும், தரை ஈரம் ஏறாது. எமல்ஷனுக்குப் பதில் துணி வண்ணம் வாங்குங்கள். விரல் வயலும் வெண்டைக்காய்ப் பூவும் இதிலும் அப்படியே வரும். வேட்டியை முதலில் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த பிறகு வரையுங்கள். வரைந்ததை ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டு, மறுபக்கத்தில் இஸ்திரி போட்டால் துவைத்தாலும் சாயம் போகாது. வீடு மாற்றும்போது மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். புது வீட்டில் மாட்டும் முன் எது கிழக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.